சரியாகப் படிக்கக்கூடிய தவறு

அச்சுக்கு முன்னால் சரிபார்க்க எடுக்கிற புரூஃபில் ஒரு வார்த்தை உடைந்து கட்டம் கட்டமாக வந்திருந்தால் எனக்குப் பயமே கிடையாது. யார் கண்ணுக்கும் தெரிந்துவிடும். டீ கொண்டுவருகிற பையன்கூட "இங்க என்னமோ மாதிரி இருக்குங்க" என்று காட்டிவிட்டுப் போவான். மருந்துப்பெட்டி அச்சிடுகிற வேலையில் தூக்கத்தைக் கெடுப்பது வேறு ரகத் தவறு. அது பார்க்க லட்சணமாக இருக்கும். எழுத்துக்கூட்டு சரி, வரி நேராக நிற்கிறது, படித்தால் அர்த்தமும் வருகிறது. அளவு மட்டும் மாறியிருக்கும். இல்லையென்றால் மருந்தே மாறியிருக்கும்.

தைராய்டு மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். லெவோதைராக்சின் 25, 50, 100 என்று வருவதெல்லாம் மைக்ரோகிராம் கணக்கு. மைக்ரோகிராமைச் சுருக்கி எழுத, கிரேக்க எழுத்தான மியூவைப் போட்டுப் பக்கத்தில் ஜி போடுவது ஒரு வழக்கம். பழைய கணினிகளில் மியூவை வரவழைக்கச் சுலபமான வழி, சிம்பல் என்கிற எழுத்துருவுக்கு மாறி ஆங்கில எம் விசையைத் தட்டுவது. திரையில் மியூ தெரியும். கோப்புக்குள் கிடப்பது வெறும் எம். அந்தக் கோப்பு வேறொரு கணினிக்குப் போய், அங்கே எழுத்துரு மாறிவிட்டால் மியூ இருந்த இடத்தில் எம் வந்து உட்கார்ந்துகொள்ளும். மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிட்டது. ஆயிரம் மடங்கு வித்தியாசம். கண்ணை உறுத்துகிறதா என்றால் இல்லை. மில்லிகிராம் என்பது மருந்துப்பெட்டியில் இருக்கவேண்டிய சொல்தானே.

மருந்துத் தவறுகளைத் தொகுத்து ஆராய்கிற அமெரிக்க அமைப்பான ஐஎஸ்எம்பி, மியூவே வேண்டாம், எம்சிஜி என்று எழுதுங்கள் என்று பல வருடங்களாகச் சொல்லிவருகிறது. 1.0 என்று எழுதாதீர்கள், புள்ளி மங்கினால் 10 ஆகிவிடும்; .5 என்று எழுதாதீர்கள், முன்னால் பூஜ்யம் போடுங்கள் என்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. குளிர்ச்சியில் வைக்கவேண்டிய மருந்தில் 2-8 டிகிரி என்று போட்டு, நடுவிலிருக்கும் சின்னக் கோடு விடுபட்டுவிட்டால் 28 டிகிரி. அதுவும் நம்பக்கூடிய வெப்பநிலைதான். "2 டிகிரி முதல் 8 டிகிரி வரை" என்று நீட்டி எழுதச் சொல்லி நான் சண்டை போடுவது இதனால்தான். இடம் இல்லை மேடம் என்பார்கள். லோகோவைக் கொஞ்சம் சின்னதாக்குங்கள் என்பேன். லோகோ மட்டும் சின்னதாகாது.

எழுத்துரு மாறுகிற கதை தமிழ்க்காரர்களுக்குப் புதிதல்ல. பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகையைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால், 'அம்மா' என்பது எம், கே, செமிகோலன், கே, எச் என்று ஆங்கிலக் கிறுக்கலாக நிற்கும். எரிச்சல்தான், ஆபத்து இல்லை. அரிசியில் கறுப்புக் கல் கிடந்தால் கண் தெரியாத பாட்டிகூடப் பொறுக்கிவிடுவார். பல்லை உடைப்பது வெள்ளைக் கல்.

நான் இருப்பது குன்னூரில். சமவெளியில் ஓர் அட்டைப்பெட்டி அச்சகத்தில், அச்சுக்கான வடிவமைப்பைத் தயாரிக்கிற ஆர்ட்வொர்க் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது வீட்டிலிருந்தே சில அச்சகங்களுக்கும் சிறிய மருந்துக் கம்பெனிகளுக்கும் புரூஃப் பார்த்துத் தருகிறேன். மருந்து சம்பந்தப்பட்ட வேலை என்று சொன்னால் இங்கே எல்லோரும் "பாஸ்டர்லயா?" என்றுதான் கேட்பார்கள். சிம்ஸ் பூங்கா பக்கத்தில் இருக்கும் தடுப்பூசி நிறுவனமான பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் 1907லிருந்து இயங்குகிறது, கேட்பதில் தப்பில்லை. அந்தப் பக்கம் நடுவட்டத்தில் சின்கோனா மரப்பட்டையிலிருந்து மலேரியாவுக்கான கொய்னா தயாரித்த தொழிற்சாலை இருந்தது. ஊட்டியில் கடைக்குக் கடை தைல பாட்டில் அடுக்கியிருக்கிறார்கள். மலைக்கும் மருந்துக்கும் பழைய உறவு. அட்டைப்பெட்டிக்கும் மலைக்கும்தான் ஒட்டாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வேலை நடக்கிற விதம் இதுதான். மருந்துக் கம்பெனி பெட்டியின் அளவுப் படத்தை, தொழிலில் கேஎல்டி என்பார்கள், அதையும் வாசகங்களையும் அனுப்பும். அச்சகத்தில் அதை ஆர்ட்வொர்க் ஆக்குவார்கள். பிடிஎஃப் போகும், திருத்தம் வரும், மறுபடி போகும். அப்புறம் அசல் அளவில் ஒரு பிரிண்ட் எடுத்து, வெட்டி, மடித்து, பெட்டியாகவே ஒட்டிப் பார்ப்பார்கள். கையெழுத்து ஆனபிறகு அச்சுத் தகடான பிளேட். முதல் ஷீட்டுகள் வந்ததும் இன்னொரு சுற்று. இத்தனை கட்டம் இருக்கும்போது தவறு எப்படித் தப்பிக்கிறது என்று வெளியாட்கள் கேட்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஆள் படிக்கிறார், அதனால்தான் தப்பிக்கிறது.

படிப்பது என்பது மூளை செய்கிற வேலை. மூளைக்குத் தெரிந்த சொல்லின் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்தாலே மிச்சத்தை அதுவே நிரப்பிக்கொள்ளும். மருந்தை நன்றாகத் தெரிந்தவர் இன்னும் வேகமாக நிரப்புவார். நான் பார்த்ததில் புரூஃபுக்கு ஆகவே ஆகாதவர்கள் டாக்டர்களும் பார்மசிஸ்டுகளும்தான். மூலப்பிரதியைச் சரிபார்க்க அவர்கள் இல்லாமல் முடியாது; அங்கே அறிவு வேண்டும். புரூஃப் மேஜையில் வேண்டியது ஒப்பிடுகிற கண். இந்த எழுத்துக்கு நேரே அந்த எழுத்து இருக்கிறதா, அவ்வளவுதான் கேள்வி.

இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல துணை என் அத்தை. தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2013 ஜூலையில் நாட்டில் தந்தி சேவையையே மூடிவிட்டார்கள், ஆனால் அத்தைக்குள் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மூலப்பிரதியை அவர் கையில் கொடுத்தால், "கேபிடல் டி, சின்ன ஏ, பி, ஸ்பேஸ், இரண்டு, பூஜ்யம், ஸ்பேஸ், எம், ஜி, புல் ஸ்டாப்" என்று சொல்லிக்கொண்டே போவார். எண் வந்தால் கேட்காமலே இரண்டு தடவை சொல்வார். அது அந்த வேலையில் ஊறிய பழக்கம். நான் எதிரே உட்கார்ந்து புரூஃபில் ஸ்கேலை வரிவரியாக இறக்குவேன்.

"ஏங்கண்ணு, இது எதுக்கான மாத்திரை?"

"அது வேண்டாம் அத்தை, எழுத்தை மட்டும் சொல்லுங்க."

"தெரிஞ்சா தப்பாப் படிச்சிருவேன்னு பயமா?"

"ஆமாங்க அத்தை."

சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார். ரகசியம் காக்கிற ஒப்பந்தத்தில் அவர் பெயரையும் சேர்த்துத்தான் கையெழுத்து வாங்கியிருக்கிறேன், யாரும் பதற வேண்டாம்.

இப்போது இதற்கெல்லாம் மென்பொருள் வந்துவிட்டது. இரண்டு பிடிஎஃபைக் கொடுத்தால் ஒரு கமா நகர்ந்திருந்தாலும் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டும். நானும் பயன்படுத்துகிறேன், அது இல்லாமல், பெட்டிக்குள் மடித்து வைக்கிற நீண்ட விளக்கத்தாளான லீஃப்லெட்டைப் பார்க்க உட்காருவது முட்டாள்தனம். ஆனால் அது எதோடு ஒப்பிட வேண்டும் என்பதை மனிதர்தான் கொடுக்கிறார். போன வருடத்துப் பழைய வாசகத்தை மூலம் என்று கொடுத்தால், பழைய வாசகத்தோடு நூற்றுக்கு நூறு பொருந்துகிறது என்று பச்சை விளக்கு எரியும். அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தபிறகு யாரும் கண்ணால் பார்க்கமாட்டார்கள்.

சட்டம் கேட்பவற்றையும் இதே மேஜையில்தான் பார்க்கவேண்டும். 1945ஆம் வருட மருந்து விதிகளின் 96, 97ஆம் விதிகள்தான் எங்கள் பஞ்சாங்கம். மருந்தின் பெயர், அடங்கியிருப்பவை, தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி என்று போகும். ஒற்றை மருந்து என்றால் 2018 செப்டம்பரிலிருந்து அதன் பொதுப்பெயர், வணிகப் பெயரைவிட இரண்டு ஃபான்ட் அளவாவது பெரிதாக இருக்கவேண்டும். இதில் கம்பெனிகள் விளையாடுவதைப் பார்க்கவேண்டும். பொதுப்பெயர் பெரிதாகவே இருக்கும், ஆனால் மெலிந்த எழுத்தில் வெளிர் சாம்பல் நிறத்தில். வணிகப் பெயர் சின்னதுதான், தடித்த எழுத்தில் கருநீலத்தில். அளந்தால் சட்டம் நிறைவேறிவிட்டது. மேஜையில் வைத்து இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் ஒரு பெயர்தான் தெரிகிறது. அளவு சரி என்று எழுதுவேன், கீழே என் கருத்தையும் எழுதுவேன். கருத்தை யாரும் படிப்பதில்லை என்று நினைக்கிறேன்.

டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கக்கூடிய ஷெட்யூல் எச் மருந்துகளுக்கு ஆர்எக்ஸ் குறி இடது மேல் மூலையில் வரவேண்டும். 2014 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கும், கட்டுப்பாடு இன்னும் அதிகமான எச்1 பட்டியலுக்கு அதுவே சிவப்பில், எச்சரிக்கை வாசகம் சிவப்புக் கட்டத்துக்குள். லேபிளின் இடது ஓரம் மேலிருந்து கீழ்வரை ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாத அகலத்தில் சிவப்புக் கோடு வேறு. இந்தக் கோட்டை அளக்கும்போது ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. பிரிண்டரில் 'ஃபிட் டு பேஜ்' என்று டிக் செய்திருந்தால் பக்கம் கொஞ்சம் சுருங்கித்தான் வெளியே வரும். அதை அளந்து கோடு மெலிந்திருக்கிறது என்று ஒருவர் திருத்தம் போடுவார். ஆர்ட்வொர்க் பையன் கோட்டைத் தடிமனாக்குவான். அது பக்கத்து எழுத்தை இடிக்கும். அதற்கு இன்னொரு திருத்தம். அதனால் எந்தப் புரூஃப் வந்தாலும் நான் முதலில் வைப்பது ஸ்டீல் ஸ்கேல். பெட்டியின் நீளம் கேஎல்டியில் போட்டிருக்கிற அளவுக்கு வருகிறதா என்று பார்த்தபிறகுதான் மற்றதெல்லாம்.

அப்புறம், புரூஃபில் தெரியாத சங்கதிகள். கறுப்புப் பட்டையின் மேல் வெள்ளை எழுத்து இருக்கிறது என்று வையுங்கள். அந்த எழுத்துக்கு யாரோ தவறுதலாக ஓவர்பிரிண்ட், அதாவது அடியில் இருக்கிற நிறத்தை நீக்காமல் அதன் மேலேயே அடி என்கிற கட்டளை, கொடுத்திருந்தால், சாதாரணத் திரையில் எழுத்து பளிச்சென்று தெரியும். பிளேட்டில் இருக்காது. வெள்ளை என்பது மை இல்லாத இடம்தானே. மை இல்லாததை எதன் மேல் ஏற்றி அச்சடிப்பது? வெறும் கறுப்புப் பட்டை மட்டும் வரும். பிடிஎஃப் பார்க்கும்போது ஓவர்பிரிண்ட் பிரிவியூவைப் போட்டு, நிறம் நிறமாகப் பிரித்துப் பார்ப்பது அதனால்தான் கட்டாயம்.

வார்னிஷும் அப்படித்தான். பெட்டி பளபளப்பதற்கு மேலே பூசுவது. பேட்ச் எண்ணும் தேதியும் விலையும் அச்சகத்தில் அடிப்பதில்லை, மருந்துக் கம்பெனியின் பேக்கிங் லைனில் இங்க்ஜெட் அடிக்கும். அந்தச் சின்னச் செவ்வகத்தில் வார்னிஷ் விடக்கூடாது. விட்டால் மை காயாமல் விரல் பட்டவுடன் இழுத்துக்கொண்டு போகும். பசை தடவுகிற மடிப்பிலும் வார்னிஷ் கூடாது, பெட்டி ஒட்டாது. புரூஃபில் இந்த இடங்கள் வெறும் வெள்ளையாகத்தான் தெரியும். வார்னிஷ் பிளேட்டுக்கான கோப்பைத் தனியாகக் கேட்டு வாங்கிப் பார்க்காதவர் புரூஃப் பார்த்ததாகவே நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

ஐரோப்பாவுக்குப் போகிற பெட்டிகளில் பிரெய்லும் சேரும். மருந்தின் பெயரைப் பிரெய்லில் போடவேண்டும் என்று 2004ல் அங்கே சட்டம் வந்தது. புடைத்த புள்ளி ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் உயரம். தாழ்ந்தால் விரலுக்குத் தெரியாது, கூடினால் அட்டை கிழியும். அதில் எனக்குப் பிடித்த, பயமும் தருகிற விஷயம் எண்கள். பிரெய்லில் 1, 2, 3 என்பதற்குத் தனிப் புள்ளிகள் இல்லை. ஏ, பி, சி எழுத்துகளின் புள்ளிகளே, முன்னால் எண் குறி ஒன்றைச் சேர்த்தால் எண்ணாகிவிடும். அந்தக் குறி விடுபட்டுவிட்டால் 20 என்பது பி, ஜே. மறுபடியும் அதே கதை: புள்ளிகளில் ஒரு பிழையும் இல்லை, சொல்வது வேறு. அச்சகத்தில் விரலால் பிரெய்ல் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? சுவரில் பிரெய்ல் சார்ட் ஒட்டி வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாக எண்ணுவதுதான் என் வழி.

ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாகச் சரிபார்த்துவிட்டால் போதுமா என்றால், போதாது. 2007ல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடிகர் டென்னிஸ் குவெய்டின் பச்சிளம் இரட்டைக் குழந்தைகளுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கிற ஹெப்பாரின் மருந்து அளவு தவறிப் போடப்பட்டது. கொடுக்கவேண்டியது மில்லிலிட்டருக்கு 10 யூனிட், கொடுத்தது 10,000 யூனிட். குழந்தைகள் பிழைத்துவிட்டார்கள். இரண்டு குப்பிகளின் லேபிளும் நீலத்தில், ஒன்று கொஞ்சம் வெளிர், ஒன்று கொஞ்சம் அடர். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு லேபிளிலும் ஓர் எழுத்துப் பிழை கிடையாது. எந்தப் புரூஃப் மேஜையிலும் இரண்டும் பாஸாகும். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மங்கலான வெளிச்சத்தில், அவசரத்தில் இருக்கிற ஒரு நர்ஸ் கையை நீட்டுகிற மாதிரி பார்த்திருந்தால்தான் வில்லங்கம் தெரியும். அதனால் 20 மில்லிகிராம் பெட்டி வந்தால் அதன் 10, 40 அண்ணன் தம்பிகளையும் அனுப்பச் சொல்வேன். கம்பெனிகளுக்கு எல்லாம் ஒரே குடும்பமாகத் தெரியவேண்டும் என்று ஆசை. பிராண்ட் மேனேஜருக்கு அது அழகு. மருந்துக்கடை அலமாரியில் அது பொறி.

இந்த அண்ணன் தம்பிகள் ஒரே ஷீட்டில் அச்சாகும்போது ஆபத்து இரட்டிப்பு. செலவு மிச்சம் என்று ஒரே பெரிய ஷீட்டில் 20, 40 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி அடிப்பது உண்டு. வெட்டியபிறகு கட்டுக்குள் ஒன்றிரண்டு கலந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1993ல் இதற்கு விதி போட்டது: அளவிலோ வடிவத்திலோ நிறத்திலோ தெளிவான வித்தியாசம் இல்லாமல் வெவ்வேறு மருந்துகளை, வெவ்வேறு அளவு மருந்துகளை இப்படிச் சேர்த்து அடிக்கக்கூடாது.

கலந்ததைப் பிடிக்க இன்னொரு காவல்காரன், பெட்டியின் மடிப்பிலும் லீஃப்லெட் ஓரத்திலும் இருக்கிற ஃபார்மாகோடு. கடையில் விலை அடிக்கிற பார்கோடு மாதிரி இருக்கும், ஆனால் இது வேறு. அரை மில்லிமீட்டர் மெல்லிய கோடு, ஒன்றரை மில்லிமீட்டர் தடித்த கோடு, இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. 3 முதல் 1,31,070 வரை ஏதாவது ஓர் எண்ணை அது குறிக்கும். பேக்கிங் மெஷினில் ஓடும்போது ஒவ்வொரு பெட்டியையும் லீஃப்லெட்டையும் கேமரா படித்து, எண் மாறினால் தள்ளிவிடும். இதற்கு ஆரம்பம், முடிவு என்று அடையாளம் கிடையாது; தலைகீழாகப் படித்தால் வேறு எண் வரும், அதுவும் செல்லுபடியாகக்கூடிய எண்ணாகவே இருக்கும். லீஃப்லெட் மடிக்கிற திசையை மாற்றிவிட்டு யாரிடமும் சொல்லாத அச்சகங்கள் உண்டு.

புரூஃப் சுத்தமாக இருந்தாலும் மெஷின் தன் பங்குக்குச் சேர்க்கும். பிளேட்டிலோ, பிளேட்டிலிருந்து மையை வாங்கி ஷீட்டில் பதிக்கிற ரப்பர் பிளாங்கெட்டிலோ ஒரு தூசி ஒட்டினால் ஷீட்டில் சின்னப் புள்ளி விழும். மெஷின்காரர்கள் ஹிக்கி என்பார்கள். காலண்டரில் சாமி கன்னத்தில் விழுந்தால் மச்சம் என்று விட்டுவிடலாம். 5க்கு முன்னால் விழுந்தால் அது தசமப் புள்ளி. அதேபோல 2.5ல் இருக்கிற புள்ளி அச்சாகாமல் போனால் 25. அதனால் மருந்து வேலையில் மெஷினிலிருந்து வருகிற ஷீட்டையும் அங்கீகரித்த பிடிஎஃபோடு ஒப்பிடவேண்டும். கேமரா வைத்திருக்கிற அச்சகங்கள் ஒவ்வொரு ஷீட்டையும் பார்க்கின்றன. இல்லாதவர்கள் நூற்றுக்கு ஒன்று உருவிப் பார்க்கிறார்கள். நடுவில் விழுந்து தானே போய்விடுகிற ஹிக்கியை உருவிப் பிடிக்க முடியாது.

தமிழ் வாசகம் வந்தால் எனக்குத் தனிக் கவலை. அரசு ஆஸ்பத்திரி மாத்திரைகளில் விற்பனைக்கு அல்ல என்று தமிழிலும் இருக்கும். அந்த மாத்திரை அட்டையின் ஃபாயிலை வடநாட்டில் எங்கேயாவது தமிழே தெரியாத ஒருவர் வடிவமைத்துக்கொண்டிருப்பார். அடோபி மென்பொருளில் எழுத்துகளை வரியில் அடுக்குகிற, இந்திய மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுக்காமல் யுனிகோட் தமிழை ஒட்டினால், ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். நமக்குப் பார்த்தவுடன் தெரியும். அவருக்கு அது ஒரு படம். மூலத்தையும் இதையும் வைத்துப் பார்த்தாலும் சுழிகள் எல்லாம் இருக்கின்றனவே என்றுதான் தோன்றும். இதற்கு மருந்து ஒன்றுதான்: தமிழ் தெரிந்தவர் ஒருவர் சரிபார்த்து, எழுத்தை அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றி அனுப்பிவிடுவது. அப்புறம் எந்தக் கணினிக்குப் போனாலும் கொம்பு நகராது.

குன்னூரில் பெட்ஃபோர்டு பக்கம் எனக்குத் தெரிந்த மெடிக்கல்காரர் ஒருவர் இருக்கிறார். எஸ்டேட் ஆட்கள் அவரிடம் முழு அட்டை வாங்குவதில்லை. "அண்ணா, காய்ச்சலுக்கு நாலு குடுங்க" என்பார்கள். கத்தரியால் வெட்டித் தருவார். காலாவதித் தேதி அட்டையின் ஒரு முனையில்தான் பதிந்திருக்கும். தேதி இல்லாத பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டே வருவது அவர் வழக்கம். தேதி கடைசிவரை கடையில் இருக்கும். வாங்கிப்போன நாலு மாத்திரையில் தேதி இல்லை, சில சமயம் பெயரே பாதிதான் இருக்கும். ஒருநாள் அவர் என்னிடம் கேட்டார்: "நீங்க இவ்வளவு பார்க்கறீங்களே, நாங்க வெட்டறதைப் பார்க்கமாட்டீங்களா?" அதிலிருந்து ஃபாயில் புரூஃப் வந்தால் நான் கத்தரி எடுத்து, நாலு மாத்திரை அளவுக்கு வெட்டி, எந்தத் துண்டிலும் பெயரும் அளவும் முழுசாக இருக்கிறதா என்று பார்த்துக் குறிப்பு எழுதுகிறேன். விதியில் இல்லாததைக் கேட்கிறேன் என்று ஒரு கம்பெனி முணுமுணுத்தது. இன்னொன்று, பெயர் திரும்பத் திரும்ப வருகிற இடைவெளியைக் குறைத்துக்கொண்டது.

இப்போது மலை சமாச்சாரம். நிறத்தைச் சரிபார்க்க ஷேடு கார்டு என்று ஒன்று தருவார்கள். நடுவில் சரியான நிறம், ஒருபுறம் அனுமதிக்கக்கூடிய வெளிர், மறுபுறம் அனுமதிக்கக்கூடிய அடர். மூன்றிலும் கையெழுத்து, எந்தத் தேதிவரை செல்லும் என்ற குறிப்பு. மை வெளிச்சத்தில் மங்கும் என்பதால் கார்டை உறையில் போட்டு இருட்டில் வைப்பார்கள். பார்க்கும்போது பகல் வெளிச்சத்துக்கு நெருக்கமான 5,000 கெல்வின் வெளிச்சம் வேண்டும். குன்னூரில் ஐப்பசி மழை பிடித்தால் ஜன்னலில் நிற்பது பனி வெளிச்சம். அதில் எல்லாமே நீலச் சாயலாகத் தெரியும். டியூப்லைட்டில் ஒத்துப்போகிற இரண்டு பச்சைகள் பகலில் வெளியே கொண்டுபோனால் தனித்தனியாக நிற்கும். ஜன்னலை நம்பாமல் நான் ஒரு சின்ன வெளிச்சப் பெட்டி வைத்திருக்கிறேன், நாலு பக்கமும் சாம்பல் நிறம் அடித்தது. ஈரத்துக்குத்தான் வழியில்லை. கூரியரில் தட்டையாக வந்த அட்டை, இரண்டு நாளில் ஈரம் குடித்து வளைந்துகொள்ளும். அட்டை வளைந்தால் மடிப்புக் கோடு சரியா என்று பார்க்க முடியாது. மடித்து ஒட்டிப் பார்க்கிற வேலையை அதனால் கூரியர் வந்த அன்றே முடித்துவிடுவேன்.

நிறம் என்பது அழகுக்கு மட்டும் என்று நினைக்கிறவர்களுக்கு நான் காட்டுவது தடுப்பூசிக் குப்பியில் இருக்கிற, விவிஎம் என்கிற வெப்பம் காட்டும் வட்டம். ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸம்மாவைக் கேட்டால் தெரியும். வட்டத்துக்குள் ஒரு வெளிர் சதுரம். வெப்பம் சேரச் சேரச் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். சுற்றியிருக்கிற வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிட்டால் குப்பியை எறியவேண்டும். சதுரம் வேதியியல், வட்டம் வெறும் அச்சு. அந்த அச்சு நிறம் ஒரு நூல் கூடியிருந்தாலோ குறைந்திருந்தாலோ எறியவேண்டிய நாளே தள்ளிப்போகும், அல்லது முன்னால் வரும்.

2023 ஆகஸ்டிலிருந்து 300 பிராண்டு மருந்துகளில் கியூஆர் கோடு கட்டாயம். அதற்குள் பேட்ச் எண்ணும் தேதிகளும் இருக்கவேண்டும் என்பதால், ஆர்ட்வொர்க் கட்டத்தில் அங்கே இருப்பது காலி இடமோ மாதிரிக் கோடோதான். மாதிரிக் கோடு அப்படியே பிளேட்டுக்குப் போய்விடாமல் பார்க்கிற வேலை புதிதாகச் சேர்ந்திருக்கிறது. மாதிரியாக இருந்தாலும் நான் போனில் ஸ்கேன் செய்து பார்த்துவிடுவேன். என்ன வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு கட்டத்தை விட்டுவைக்க மனசு வராது.

இவ்வளவுக்கும் நடுவில் மெயில் வருவது எப்போதும் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான். "மேடம், ஒரு பார்வை பார்த்துக் கையெழுத்து போட்டுடுங்க, நைட் பிளேட் போகணும்." பதிலுக்கு நான் கேட்பது மூன்று காகிதம்: அங்கீகரித்த மூல வாசகம், போன பதிப்பின் ஆர்ட்வொர்க், இந்தத் தடவை என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று எழுதிய குறிப்பு. முதல் இரண்டும் அரைமணி நேரத்தில் வந்துவிடும். மூன்றாவதைக் கேட்டால்தான் போன் வரும். முகவரியில் ஒரு பின்கோடு மட்டும்தான் மாற்றினோம், அதுக்கெல்லாம் குறிப்பா என்பார்கள். எழுதி அனுப்புங்கள் என்பேன். எழுத உட்காரும்போதுதான் பின்கோடு மாற்றிய அதே நாளில் இன்னொருவர் சேமிப்பு வெப்பநிலை வரியையும் தொட்டிருக்கிறார் என்பது அவர்களுக்கே தெரியவரும். குறிப்பு வந்ததும் அத்தையைக் கூப்பிடுவேன். அத்தை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பெரிசா சின்னதா?" என்று கேட்பார். பெட்டி என்றால் சீரியலுக்கு முன்னால் முடியும், லீஃப்லெட் என்றால் சாப்பாட்டுக்குப் பிறகுதான்.